சீனியை மாற்றும்போது பாத்திரத்தில் என்ன மாறுகிறது

தீபாவளி நெருங்கும் நாட்களில் பல வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. செய்முறையில் ஒரு கப் சீனி என்று இருந்தால், அதற்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை எவ்வளவு போடுவது, கருப்பட்டி எவ்வளவு போடுவது, மருந்துக்கடையில் கிடைக்கும் இனிப்பூட்டித் தூள் எவ்வளவு போடுவது? இதற்கு அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பின்பற்றிச் செய்த பாயசம் பெரும்பாலும் தேறிவிடுகிறது. மைசூர்பாகு பெரும்பாலும் தேறுவதில்லை. அட்டவணைகள் இனிப்பின் அளவை மட்டுமே ஒப்பிடுகின்றன. சீனியோ இனிப்பதோடு நிற்பதில்லை. தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, பாகாகிக் கட்டுகிறது, பண்டத்துக்குக் கனம் தருகிறது, நிறம் ஏற்றுகிறது, கெடாமல் காக்கிறது.

இந்தக் கேள்வி இன்று இவ்வளவு வீடுகளில் எழுவதற்குக் காரணம் வெளிப்படையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023 இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே மாற்று இனிப்பு என்பது இப்போது ஒரு சிலரின் உணவு விருப்பம் அல்ல. பண்டிகைப் பலகாரம் செய்யும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பொது விதியை முன்னால் வைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தில் சீனியின் வேலையை நன்றாகச் செய்யும் பொருள், பெரும்பாலும் உடலிலும் சீனியின் வேலையையே செய்கிறது. உடலில் சீனியைப் போல நடந்துகொள்ளாத பொருள், பாத்திரத்திலும் அப்படி நடந்துகொள்வதில்லை. விதிவிலக்குகள் சில உண்டு. அவையும் முழுமையான விதிவிலக்குகள் அல்ல.

பாகிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நம் பலகாரங்களில் சீனியின் வேலை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அதுதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வெளியேறுவதால் கரைசலின் அடர்த்தி ஏறுகிறது. அடர்த்தி ஏற ஏற அதன் கொதிநிலையும் ஏறுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தொட்டு இழுத்துப் பார்க்கும் கம்பிப் பதம் ஏறக்குறைய 105 முதல் 112 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நிலை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரும் அதிரசப் பாகு 115 டிகிரியை ஒட்டியது. கடலைமிட்டாய்க்கோ, தண்ணீரில் விட்ட பாகை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை கேட்க வேண்டும். அது 130 டிகிரியைத் தாண்டிய, தண்ணீர் மிகச் சொற்பமாகவே மிஞ்சியிருக்கும் நிலை. இத்தனை பதங்களும் சாத்தியமாவதற்குக் காரணம், சாதாரண வெப்பத்திலேயே 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சீனி கரையும் என்பதுதான். இந்த அளவுக்குக் கரைந்து, இந்த அளவுக்கு அடர்ந்து, ஆறியதும் படிகமாகவோ கண்ணாடி போலவோ இறுகும் பொருள்கள் சமையலறையில் அதிகம் இல்லை.

மைசூர்பாகில் இது இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. கம்பிப் பாகில் கடலை மாவைத் தூவிக் கிளறிக்கொண்டே காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது, கலவையில் எஞ்சியுள்ள நீர் ஆவியாகி மேலெழுகிறது. அது வெளியேறிய வழிகள்தான் துண்டின் நடுவே தேன்கூடு போலத் தெரியும் துளைகள். தட்டில் கொட்டி ஆறும்போது சீனி மறுபடியும் நுண்ணிய படிகங்களாகி அந்தத் துளைகளைத் தாங்கி நிற்கிறது. இப்போது சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியை எடுத்துக்கொள்வோம். அது சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பானது. 200 கிராம் சீனி தரும் இனிப்புக்கு, ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு சுக்ரலோஸ் போதும். நாக்கை அது நிறைவு செய்துவிடும். ஆனால் காணாமற்போன 200 கிராம் பொருளுக்கு ஈடாக எதுவும் வந்து சேரவில்லை. அடுப்பில் எஞ்சுவது நெய்யில் வறுபட்ட, இனிப்பான கடலை மாவு மட்டுமே.

கப்புக்குக் கப்பு போடலாம் என்ற அறிவிப்போடு விற்கப்படும் தூள்கள் இந்தக் குறையை நிரப்ப முயல்பவை. அவற்றில் பலவற்றில் கனத்துக்காகச் சேர்க்கப்படுவது மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படுவது. குடலில் விரைவாகக் குளுக்கோஸாக மாறுவது. காபியில் ஒரு சிறு பொட்டலம் கலப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கேசரிக்கு இரண்டு கப் அளந்து கொட்டுபவர் மட்டும் பொட்டலத்தின் பின்புற எழுத்துகளைப் படித்துவிட்டுக் கொட்டுவது நல்லது.

கேசரியைக் குறிப்பிட்டதால், அதில் சீனி செய்யும் வேறொரு வேலையையும் சொல்ல வேண்டும். ரவை முழுதும் வெந்த பிறகே சீனியைச் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம், சீனி தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதாலும், மாவுச்சத்து வெந்து விரிவதற்கான வெப்பநிலையை உயர்த்திவிடுவதாலும், அதன் பிறகு ரவை வேகாது என்பதுதான். சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தை முன்கூட்டியே போட்டுவிட்டால் அரிசியும் பருப்பும் விரைத்தபடியே நின்றுவிடுவதும் இதனால்தான். வெந்த ரவையில் சீனி விழுந்ததும் கலவை ஒரு தரம் இளகி, பிறகு நெய்யோடு சுருண்டு வருகிறது. ஆறினாலும் மென்மையாக இருக்கிறது. இனிப்பூட்டி சேர்த்தால் இந்த இளக்கம் வராது. ஆறியதும் கேசரி உப்புமா போல இறுகும். தண்ணீரைக் கூட்டிக் குழைவாக வேக வைத்து, இறக்கும் நேரத்தில் இனிப்பூட்டியைக் கலந்து, சூடாகவே பரிமாறினால் ஓரளவு சமாளிக்கலாம். அல்வாவுக்கு இந்த உத்தி போதாது. அங்கே பளபளப்பும் இழுவையும் பாகிலிருந்தே வருகின்றன.

வெல்லத்துக்கு வருவோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய வெல்லத்தில் 65 முதல் 85 விழுக்காடு வரை சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் உள்ள அதே பொருள். எஞ்சியவற்றில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், சிறிது ஈரமும், தாது உப்புகளும் உண்டு. ஆகையால் அது பாகாகிறது, கட்டுகிறது, கெடாமல் காக்கிறது. பல பலகாரங்களில் சீனியைவிடச் சிறப்பாகவும் செயல்படுகிறது. அதிரசம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெல்லத்தில் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பாகு சட்டென்று படிகமாவதைத் தடுப்பதால், மாவு சில நாட்கள் ஊறினாலும் மெத்தென்று இருக்கிறது. சீனியிலும் அதிரசம் செய்கிறார்கள், ஆனால் அதன் வாய்ப்பதம் வேறு. எல்லா வெல்லமும் இதற்கு ஒத்துவருவதில்லை என்பதால்தான் மளிகைக் கடைகளில் பாகு வெல்லம் என்று தனியாகக் கேட்டு வாங்குகிறோம். வெளிறிய மஞ்சள் நிற அச்சு வெல்லம் பார்வைக்கு அழகாக இருக்கலாம். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் எனப்படும் வெளுப்பு இரசாயனம் சேர்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. சேலம் மாவட்ட வெல்ல ஆலைகளில் கலப்படத்துக்காக வைத்திருந்த சீனி மூட்டைகளை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்த செய்திகளும் அடிக்கடி வருகின்றன. சீனியைத் தவிர்க்க வெல்லம் வாங்கி, அதற்குள் சீனியையே பெறுவது வேடிக்கையான நிலைதான்.

அளவைப் பொறுத்தவரை, வெல்லத்தின் இனிப்பு சீனியைவிடச் சற்றுக் குறைவு என்பதால் ஒரு கப் சீனிக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கப் வரை பொடித்த வெல்லம் போடுவது நடைமுறை. மண்ணும் தூசியும் நீங்க அதைக் கரைத்து வடிகட்டுவதால் கூடுதலாகத் தண்ணீர் சேர்கிறது. அதைச் செய்முறையில் உள்ள தண்ணீரிலிருந்து கழித்துவிட வேண்டும். இன்னொரு சிக்கல் பால். வெல்லத்தில் இலேசான அமிலத்தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் அது விழுந்தால் பால் திரிந்துபோகலாம். பருப்புப் பாயசத்துக்கு வெல்லமும் தேங்காய்ப்பாலும், சேமியாப் பாயசத்துக்குச் சீனியும் பசும்பாலும் என்று வழக்கம் பிரித்து வைத்திருப்பதில் இந்த அனுபவத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். அக்காரவடிசிலில் இரண்டும் சேர்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே அரிசி பாலில் குழைய வெந்து, பால் பெரும்பகுதி சுண்டிய பிறகே வெல்லப்பாகு சேர்கிறது. சேமியாவில் வெல்லம்தான் வேண்டும் என்றால், அடுப்பை அணைத்துப் பால் சற்று ஆறிய பின், ஆறவைத்த வெல்லக் கரைசலைச் சேர்ப்பது பாதுகாப்பான வழி.

கருப்பட்டியின் கதையும் வேறல்ல. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் அதன் மணம் தனித்தன்மை கொண்டது; உளுந்தங்களி, பணியாரம், சுக்குக் காபி ஆகியவற்றில் அந்த மணமே பண்டத்தின் பாதி. ஏலக்காய், குங்குமப்பூ போன்ற மெல்லிய மணங்கள் முன்னிற்க வேண்டிய இடத்தில் அது எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பனங்கற்கண்டும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். கடைகளில் பிரவுன் சுகர் என்று கிடைப்பது பலவேளைகளில் வெள்ளைச் சீனியோடு கரும்புப் பாகின் கசண்டைக் கலந்தது. கேக்குக்கு நல்ல நிறமும் ஈரமும் தரும், உடல்நலக் கணக்கில் வேறுபாடு சொல்லத்தக்கதல்ல.

இந்த இடத்தில் தெளிவாகப் பேசியாக வேண்டும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பும் பிற தாதுக்களும் உள்ளன என்பது உண்மை. ஆனால் ஒரு நாளில் உண்ணக்கூடிய 20 கிராமில் அவை எவ்வளவு இருக்கும் என்று பார்த்தால், அதற்காக மட்டும் இனிப்பை நியாயப்படுத்த முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரைகளோடு தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதையும் ஒரே கணக்கில் வைத்து, மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்கிறது; 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராமும் 25 கிராமும் ஆகும். வெல்லத்துக்கு இந்தக் கணக்கில் தனிச் சலுகை எதுவும் இல்லை. நீரிழிவுள்ளவருக்கு “இது நாட்டுச் சர்க்கரைதான், தாராளமாகச் சாப்பிடுங்கள்” என்று இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவது அன்பின் பெயரால் செய்யப்படும் தவறு.

தேனும் பேரீச்சையும் இதே வரிசையில் வருபவை. தேனில் ஏறக்குறைய 17 விழுக்காடு தண்ணீர் உண்டு. ஃப்ரக்டோஸ் மிகுதியால் இனிப்பும் கூடுதல். கேக்கில் ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன் ஊற்றி, மற்றத் திரவத்தைக் கால் கப் குறைத்து, அமிலத்தைச் சமன்செய்யக் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து, விரைவில் கருகுவதால் அடுப்பின் வெப்பத்தை 15 டிகிரி குறைக்க வேண்டும். பேரீச்சை விழுதில் நார்ச்சத்து இருப்பது ஒரு நன்மை. லட்டுக்கும் பர்ஃபிக்கும் அது நன்றாகப் பிடிமானம் தரும். ஆனால் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைகளே.

இனி செயற்கை இனிப்பூட்டிகள். சாக்கரின், அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் ஆகியவற்றை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரையறுத்த அளவுகளில் அனுமதிக்கிறது. சீனித்துளசி இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஸ்டீவியால் கிளைகோசைடுகள் 2015 இல் அந்த வரிசையில் சேர்ந்தன. சமையலில் இவற்றைப் பிரித்தறிய உதவுவது வெப்பம். அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். கொதிக்கும் பாயசத்தில் போட்டுவிட்டு இனிக்கவில்லையே என்று மேலும் மேலும் போடுபவர்கள் உண்டு. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அதை அறவே தவிர்க்க வேண்டும். சுக்ரலோஸ் கொதிநிலையில் நிலைத்து நின்று இனிக்கும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் குளோரின் கொண்ட தீங்கான சேர்மங்கள் உருவாக வாய்ப்புள்ளதாக ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019 இல் எச்சரித்தது. பாயசமும் பால்கோவாவும் அந்த வெப்பத்தைத் தொடுவதில்லை. பேக்கிங்கும் பொரித்தலும் தொடும். ஸ்டீவியா சூட்டைத் தாங்கும், ஆனால் அளவு சற்றே மிஞ்சினாலும் நாவின் அடியில் அதிமதுரம் போன்ற ஒரு கசப்பு தங்கும். ஏலக்காயும் சுக்கும் அதை ஓரளவு மறைக்கின்றன. வெறும் பாலில் அது அப்படியே தெரிகிறது.

இவை பாதுகாப்பானவையா என்ற கேள்வி 2023 இல் இருமுறை தலைப்புச் செய்தியானது. மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்பதை அதிலேயே குறிப்பிட்டிருந்தது, அந்த வரி பலருடைய கண்ணில் படவில்லை. ஜூலையில் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேமைப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்ற வகையில், மட்டுப்பட்ட சான்றுகளின் பேரில் சேர்த்தது. அதே நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற நாளொன்றின் ஏற்கத்தக்க வரம்பு மாற்றமின்றித் தொடர்ந்தது. வீட்டுச் சமையலில் மாதம் ஓரிருமுறை பயன்படுத்துபவர் இந்த வரம்பை நெருங்குவது கடினம். நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சரிந்து வியர்வையும் நடுக்கமும் வரும்போது, இனிப்பூட்டி கலந்த பானம் எந்த உதவியும் செய்யாது. அப்போது தேவை 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சீனியைக் கரைத்த தண்ணீர். நெய் மிகுந்த இனிப்பைக் கொடுத்தால் கொழுப்பின் காரணமாக அது தாமதமாகவே வேலை செய்யும். வீட்டில் சீனியே இல்லாமல் செய்துவிடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

முன்பு சொன்ன விதிவிலக்குகள் சர்க்கரை ஆல்கஹால்கள் எனப்படுபவை. இவற்றுக்குச் சீனியைப் போன்ற கனம் உண்டு. எரித்ரிட்டால் கிராமுக்கு 0.2 கலோரி அளவே தருகிறது, இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. சீனியின் இனிப்பில் 60 முதல் 70 விழுக்காடு அதற்கு உண்டு. ஆனால் தண்ணீரில் கரையும் அளவு சீனியைவிட மிகக் குறைவு. குலாப் ஜாமூன் பாகை அதில் காய்ச்சினால், ஆறியதும் அடியில் மணல் போலப் படிகம் தங்கும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் வாயில் பச்சைக் கற்பூரம் பட்டாற்போல் ஒரு குளிர்ச்சி வரும்; நெய்ப் பலகாரத்தில் அது பொருந்தாமல் நிற்கும். நிறமும் ஏறாது. இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023 இல் ஓர் ஆய்வு வெளியானது. உடலே சிறிதளவு எரித்ரிட்டாலை உற்பத்தி செய்வதால், அது காரணமா அடையாளமா என்பது அந்த ஆய்விலிருந்து முடிவாகவில்லை. கடைகளில் ‘சர்க்கரை இல்லாதது’ என்ற பெயரோடு வரும் இனிப்புகளின் பொருள்பட்டியலில் மால்டிட்டால், சார்பிட்டால் என்ற பெயர்களைப் பார்க்கலாம். மால்டிட்டால் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவே செய்யும். இரண்டும் அளவு மிஞ்சினால் வயிற்றைக் கலக்கும். சைலிட்டால் சீனிக்கு ஈடாக இனிக்கும், ஆனால் நாய்களுக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அதை வாங்காமலிருப்பதே மேல்.

கேக்கைப் பற்றிச் சுருக்கமாக: வெண்ணெயோடு சீனியை அடிக்கும்போது அதன் படிகங்கள்தான் காற்றைப் புகுத்துகின்றன, மைதாவின் பசையைக் கட்டுக்குள் வைத்து மென்மை தருவதும், மாவு உப்பும் வரை இறுகாமல் தள்ளிப்போடுவதும் சீனியே. முழுவதையும் இனிப்பூட்டிக்கு மாற்றினால் தட்டையான, வெளிறிய ரொட்டி கிடைக்கும். பாதியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தேறும்.

சீனியை நீக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 100 கிராம் கடலை மாவு, 200 கிராம் சீனி, 200 கிராம் நெய் என்று மைசூர்பாகு செய்தால், சீனியிலிருந்து வருவது ஏறக்குறைய 800 கலோரி, நெய்யிலிருந்து வருவது 1800. சீனியை முற்றிலும் எடுத்தாலும் மொத்தத்தில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானது அப்படியே இருக்கிறது. ஜவ்வரிசிப் பாயசத்தில் சீனியைத் தவிர்ப்பவர், ஜவ்வரிசி ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்து என்பதை மறந்துவிடக் கூடாது. என்னுடைய கணிப்பில், பல வீடுகளுக்கு மாற்றுவதைவிடக் குறைப்பதே எளிது. கேசரி, பாயசம், பொங்கல் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு சீனியையோ வெல்லத்தையோ குறைத்தாலும் பண்டம் குலையாது. ஒரு சிட்டிகை உப்பும் புதிதாகப் பொடித்த ஏலக்காயும் இனிப்பை எடுத்துக்கொடுக்கும், சூடாகப் பரிமாறினால் இனிப்பு கூடுதலாகவும் தெரியும். பாகுப் பலகாரங்களில் இப்படிக் குறைக்க இடமில்லை. அங்கே குறைக்கக்கூடியது துண்டின் அளவைத்தான்.

கடைசியாக, வைத்திருந்து சாப்பிடும் காலம். அதிரசமும் கடலைமிட்டாயும் பழனிப் பஞ்சாமிர்தமும் பல நாட்கள் கெடாமல் இருப்பது, அவற்றில் உள்ள சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமல் செய்வதால்தான். ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று விதி இருப்பதற்கும் இதுவே அடிப்படை. இனிப்பூட்டி சேர்த்துக் கிளறிய மாம்பழக் கூழுக்கு இந்தக் காப்பு இல்லை. அதைச் சிறு பாட்டில்களில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இனிப்பூட்டி சேர்த்த பால்கோவாவை இரண்டு நாட்களுக்கு மேல் வைக்காமலிருப்பது நல்லது, வெளியூர் உறவினர்களுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பவே கூடாது.